ஜேர்மன் லப்டொப்பும் பெயர் தெரியாத விசைகளும்

பரந்தனில் கொமினிகேஷன் கடை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டது இது: "மாமா ஜேர்மனியிலிருந்து வந்தபோது தான் பாவித்த லப்டொப்பைத் தந்துவிட்டுப் போனார். கீபோட்டில் பாதி விசைகளின் பெயரே விளங்கவில்லை. பாமினியில் ரைப் பண்ணினால் எழுத்துகள் மாறி வருகின்றன. கடையில் இருக்கும் பழைய கீபோட்டிலும் ஸ்க்ரோல் லொக், போஸ், இன்சேர்ட் என்று தொடாமலேயே கிடக்கும் விசைகள் இருக்கின்றன. இவை எதற்கு? பழைய காணி உறுதிகளில் வரும் குறிகளை எப்படி அடிப்பது?"

தம்பி, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வெளிநாட்டுச் சொந்தங்கள் தந்த லப்டொப் இல்லாத தெரு குறைவு. ஆகவே உங்கள் கேள்வி பலருடைய கேள்வி. ஆறுதலாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் லேசு. கீபோட்டுக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் ஒரு விசையை அமத்தினால், இன்ன இடத்தில் இருக்கும் விசை அமத்தப்பட்டது என்று ஓர் இலக்கத்தை மட்டும்தான் அது கம்பியூட்டருக்கு அனுப்பும். அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்று முடிவெடுப்பது விண்டோஸில் தெரிவு செய்திருக்கும் விசையமைப்பு. விசையின் மேலே அச்சடித்திருப்பது கண்ணுக்கு வழிகாட்ட மட்டுமே. அதனால் ஜேர்மன் கீபோட்டைக் கழற்றி எறியவும் வேண்டாம், புதுசு வாங்கவும் வேண்டாம். அமைப்பை மாற்றினால் போதும்.

பாமினியில் ஏன் எழுத்து மாறுகிறது என்று பார்ப்போம். பாமினி யூனிகோடு எழுத்துரு அல்ல. யூனிகோடு என்பது எந்த மொழி எழுத்துக்கும் தனித்தனி இலக்கம் கொடுக்கும் பொது முறை. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய எழுத்துரு. "பால்" என்று அடிக்க விரல் போகும் வரிசை ஜி, எச், வை, அரைப்புள்ளி. ஜி என்றால் ப, எச் என்றால் அரவு (ா), வை என்றால் ல, அரைப்புள்ளி என்றால் மேலே வைக்கும் புள்ளி. ஜேர்மன் அமைப்பில் வையும் இசெட்டும் இடம் மாறியிருக்கும். பாமினியில் இசெட் என்றால் ண. அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்திலோ மேலே இரண்டு பொட்டு வைத்த ஓ என்ற ஜேர்மன் எழுத்து நிற்கிறது. ஆக, பழகிய விரலோடு "பால்" என்று அடித்தால் திரையில் "பாண" என்று வந்து, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ ஒரு குறி ஒட்டிக்கொண்டு நிற்கும். விலைப்பட்டியல் அடிக்கும் கடையில் பால் பாணாவது சின்னப் பிழை அல்ல. தமிழில் புள்ளி இல்லாத வரியே இல்லை என்பதால் பக்கம் முழுவதும் சிதைந்துபோகும். உங்கள் விரலிலும் பிழையில்லை, எழுத்துருவிலும் பிழையில்லை.

பிரான்சிலிருந்து வந்த லப்டொப் என்றால் கோலம் வேறு. அங்கே ஏயும் கியூவும் இடம் மாறும், இசெட்டும் டபிள்யூவும் இடம் மாறும், எம் என்ற எழுத்து எல்லுக்குப் பக்கத்தில், அதாவது அரைப்புள்ளியின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பாமினியில் எம் என்றால் அ. அதனால் புள்ளி வைக்கும் இடமெல்லாம் அ விழும், "பால்" என்பது "பாலஅ" ஆகும். இலக்கங்கள் அடிக்கவும் ஷிஃப்ட் வேண்டும். பற்றுச்சீட்டு அடிக்கும் ஆளுக்கு அது பெரிய இடைஞ்சல்.

இங்கிலாந்து லப்டொப் இவற்றை விட நல்லது. எழுத்துகள் எல்லாம் அதே இடம்தான். @ குறியும் இரட்டை மேற்கோளும் ஒன்றின் இடத்தில் ஒன்று இருக்கும், ஷிஃப்டோடு 3 அமத்தினால் £ வரும், # என்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அவ்வளவுதான்.

சரி, மாற்றுவது எப்படி? செட்டிங்ஸில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குப் போய், மொழி என்பதைத் திறந்து, இங்கிலிஷ் யுனைட்டட் ஸ்டேட்ஸ் என்ற மொழியைச் சேருங்கள். அதன் கீபோட்டாக யுஎஸ் என்பது இருக்கட்டும். பிறகு ஜேர்மன் அமைப்பை அதே பட்டியலில் இருந்து நீக்கிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைப் பலர் செய்வதில்லை. இரண்டு அமைப்புகள் சேர்ந்து இருந்தால் இடது அல்ட்டையும் ஷிஃப்டையும் தெரியாமல் சேர்த்து அமத்தியதும் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும். வேலை நடுவில் திடீரென்று எழுத்து மாறிவிட்டது என்று வரும் முறைப்பாடுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வேண்டுமென்றே மாற்றுவதற்கு விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அமத்தலாம்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். கடவுச்சொல் கேட்கும் முதல் திரையில் பழைய ஜேர்மன் அமைப்பே நிற்கக்கூடும். உங்கள் கடவுச்சொல்லில் வை, இசெட், @ ஏதாவது இருந்தால், சரியாக அடித்தும் பிழை என்றே சொல்லும். அந்தத் திரையின் வலது கீழ் மூலையில் மொழியைக் காட்டும் மூன்று எழுத்து இருக்கும். அதைத் தொட்டு மாற்றிவிட்டு அடியுங்கள்.

இப்போது அமைப்பு யுஎஸ், அச்சு ஜேர்மன். எது எங்கே என்று ஒருமுறை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பொட்டு வைத்த ஓ அரைப்புள்ளி. அதற்கு வலப்பக்கம் பொட்டு வைத்த ஏ மேற்கோள். பொட்டு வைத்த யூ சதுர அடைப்பின் திறப்பு, அதன் வலப்பக்கத்துக் கூட்டல் குறி மூடும் அடைப்பு. பூச்சியத்துக்குப் பக்கத்தில் பி போலத் தெரியும் எழுத்து சிறு கோடு, அதற்கு அடுத்தது சமன் குறி. வலது ஷிஃப்டுக்குப் பக்கத்தில் சிறு கோடு போட்டிருப்பது சாய்கோடு. இடது ஷிஃப்டுக்கும் வைக்கும் நடுவில் < > என்று ஒரு விசை இருக்கிறதே, அது அமெரிக்கக் கீபோட்டில் கிடையாது. யுஎஸ் அமைப்பில் அது \ குறியைத் தரும். எழுத்து ஒட்டிகள் விற்கிறார்கள். கடைக்கு வேறு ஆட்களும் வந்து ரைப் பண்ணுவார்கள் என்றால் ஒட்டிவிடுங்கள். நீங்கள் மட்டும் என்றால் தேவையில்லை, எஃப்பிலும் ஜேயிலும் இருக்கும் சின்ன மேட்டை விரல் தேடிப் பிடித்துவிட்டால் மிச்ச விரல்களுக்கு வழி தெரியும்.

பெயர் விளங்காத விசைகளுக்கு வருவோம். இவை அமைப்பை மாற்றினாலும் மாறாது, வேலை வழமையான வேலைதான். எஸ், ரி, ஆர், ஜி என்று எழுதியிருப்பது கொன்ட்ரோல். ஈ, என், ரி, எஃப் என்பது டிலீட். ஈ, ஐ, என், எஃப், ஜி என்பது இன்சேர்ட். பொஸ் 1 என்று இருப்பது ஹோம், என்டே என்பது என்ட். பில்ட் என்று எழுதி மேல் அம்பு போட்டிருந்தால் பேஜ் அப், கீழ் அம்பு என்றால் பேஜ் டவுன். ட்ருக் என்பது பிரின்ட் ஸ்கிரீன், ரொல்லன் என்பது ஸ்க்ரோல் லொக். எழுத்தே இல்லாமல் கீழ் நோக்கிய தடித்த அம்பு மட்டும் இருந்தால் அது கப்ஸ் லொக், மேல் நோக்கியது ஷிஃப்ட், எதிரெதிராக இரண்டு அம்பு ராப். பிரெஞ்சு லப்டொப்பில் சுப் என்று தொடங்குவது டிலீட், இம்ப்ர் என்று தொடங்குவது பிரின்ட் ஸ்கிரீன், வெர் நும் என்பது நம் லொக், ஃபின் என்பது என்ட்.

ஸ்பேஸுக்கு வலப்பக்கம் அல்ட் ஜிஆர் என்று ஒன்று இருக்கும். ஐரோப்பியக் கீபோட்டுகளில் ஒரு விசையிலேயே மூன்றாவது குறி வலது கீழ் மூலையில் அச்சடித்திருக்குமே, அதை எடுக்கத்தான் இது. ஜேர்மன் அமைப்பில் @ வேண்டுமென்றால் அல்ட் ஜிஆரோடு கியூ. € வேண்டுமென்றால் அல்ட் ஜிஆரோடு ஈ. அல்ட் ஜிஆரோடு 2 அமத்தினால் ², 3 அமத்தினால் ³ வரும். யுஎஸ் அமைப்பில் அது வெறும் வலது அல்ட் ஆகிவிடும். மாமா வந்து நின்று தன் லப்டொப்பில் மின்னஞ்சல் பார்க்கவேண்டும், @ எங்கே என்று கேட்டால் காட்ட இது உதவும்.

அடுத்தது தொடாமல் கிடக்கும் விசைகள். இவற்றில் உங்கள் கடைக்கு உண்மையாகவே தேவையானவை இரண்டு மூன்றுதான், அவற்றை விளக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்க்ரோல் லொக் ஐபிஎம் நிறுவனம் 1981இல் விட்ட முதல் பிசியின் கீபோட்டிலேயே இருந்தது. மவுஸ் இல்லாத காலம் அது. அம்பு விசைகளை அமத்தினால் கர்சர் நகர வேண்டுமா, திரையில் உள்ள எழுத்து நகர வேண்டுமா என்று தெரிவு செய்ய இதைக் கொடுத்தார்கள். இன்று இதைக் கவனிக்கும் மென்பொருள்களில் பெரியது எக்செல். எக்செலில் அம்பை அமத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் முழுத் தாளும் நகர்ந்தால், கீபோட் பழுது என்று நினைத்துக் கழற்றவேண்டாம். கீழ்ப் பட்டியில் ஸ்க்ரோல் லொக் என்று எழுதியிருக்கும். விசையை ஒருமுறை தட்டினால் சரியாகிவிடும். சிக்கல் எங்கே வரும் என்றால், புதிய லப்டொப் பலவற்றில் அந்த விசையே இருக்காது, ஆனால் எப்படியோ அது இயங்கியிருக்கும். அப்போது விண்டோஸ், கொன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அமத்துங்கள். திரையில் ஒரு கீபோட் வரும். அதில் ஸ்க்ரோல் லொக் இருக்கிறது, மவுஸால் தட்டி நிறுத்திவிடலாம். நெல் கொள்வனவுக் கணக்கை எக்செலில் வைத்திருப்பவர்கள் உங்களிடம் வந்து கேட்கக்கூடிய கேள்வி இது.

இதே எக்செல் ஆட்களுக்கு எஃப்4 விசையையும் காட்டிக்கொடுங்கள். சூத்திரம் எழுதும்போது ஒரு கட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து எஃப்4 தட்டினால் $ குறிகள் தானாக விழும். ஒரு கட்டத்தில் இன்றைய கிலோ விலையைப் போட்டு, அதை $ குறிகளால் கட்டிவிட்டால், சூத்திரத்தை எத்தனை வரிக்கு இழுத்தாலும் விலை அந்த ஒரே கட்டத்திலிருந்தே வரும். விலை மாறினால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். இங்கே டொலருக்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை, அது கட்டத்தை அசையாமல் பிடித்து வைக்கும் ஆணி.

இன்சேர்ட் விசை மேலெழுதும் முறையை இயக்கும். அது இயங்கினால் புதிதாக அடிக்கும் எழுத்து பழைய எழுத்தைத் தள்ளாமல் தின்றுகொண்டே போகும். பலருக்கு இது எரிச்சல், அதனால்தான் இன்றைய வேர்ட் இதை இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் விண்ணப்பப் படிவம் அடிப்பவருக்கு இது கைகொடுக்கும். பெயர், முகவரி என்று போட்டுப் பக்கத்தில் நீளப் புள்ளிக்கோடு இருக்கும் அல்லவா, அதற்கு மேல் அடித்தால் புள்ளிகள் தள்ளுப்பட்டு அடுத்த வரிக்கு ஓடும். மேலெழுதும் முறையில் அடித்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புள்ளி குறைந்துகொண்டு போவதால் கோடு அதிகம் குழம்பாது. வேர்டின் ஒப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் இன்சேர்ட் விசையைப் பாவிக்க அனுமதி கொடுக்கலாம். லிப்ரே ஒபிஸில் கேட்காமலே வேலை செய்யும். இன்னொன்று, ஷிஃப்டோடு இன்சேர்ட் அமத்தினால் பேஸ்ட், கொன்ட்ரோலோடு அமத்தினால் கொப்பி. சி அல்லது வி விசை தேய்ந்துபோன கீபோட்டில் நல்ல மாற்று வழி.

நம் லொக் எல்லோருக்கும் தெரிந்தது போல இருக்கும், ஆனால் அதிகம் குழப்புவதும் அதுதான். இலக்கப் பலகை இல்லாத பழைய சின்ன லப்டொப்பில் நம் லொக் இயங்கிவிட்டால் எழுத்துகளுக்குள்ளே இலக்கம் ஒளிந்துகொள்ளும். யூ, ஐ, ஓ மூன்றும் 4, 5, 6 ஆகும். ஜே, கே, எல் 1, 2, 3 ஆகும். எம் பூச்சியம் ஆகும். எழுத்து அடித்தால் இலக்கம் வருகிறது, வைரஸ் ஏறிவிட்டது என்று பதறி ஓடி வருவார்கள். எஃப்என் விசையோடு நம் லொக்கைத் தட்டுங்கள், வைரஸ் போய்விடும்.

போஸ் விசைக்கு இன்று வேலை குறைவு. பழைய பிசி இயங்கத் தொடங்கும்போது ஓடும் எழுத்துகளை நிறுத்தி வாசிக்க உதவும். ஆனால் விண்டோஸ் விசையோடு போஸை அமத்தினால் அந்த மெஷினின் புரொசசர், ரம் அளவு எல்லாம் காட்டும் பக்கம் நேராகத் திறக்கும். பாவித்த லப்டொப் வாங்கும்போது விற்பவர் சொன்னதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று நின்ற நிலையில் பார்த்துவிடலாம்.

பிரின்ட் ஸ்கிரீனோடு சேர்த்துச் சில கீபோட்டுகளில் சிஸ் ஆர்கியூ என்று எழுதியிருக்கும். ஐபிஎம் 1984இல் பிசி ஏரி என்ற மொடலுக்காகக் கொண்டுவந்த விசை. விண்டோஸுக்கு அது தேவையில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸில் மெஷின் முற்றாக இறுகிப்போனால் அல்ட்டையும் அதையும் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்ற எழுத்துகளை ஆறுதலாக ஒவ்வொன்றாகத் தட்டினால், கோப்புகளை வட்டில் எழுதி முடித்துவிட்டு மெஷின் மறுபடி தொடங்கும். பல லினக்ஸ் பதிப்புகளில் இவற்றில் சிலவற்றுக்கு மட்டுமே அனுமதி இருக்கும். பிரின்ட் ஸ்கிரீனைப் பொறுத்தவரை, விண்டோஸ் விசையோடு அமத்தினால் திரையின் படம் பிக்சர்ஸ் கோப்புறைக்குள் ஸ்கிரீன்ஷொட்ஸ் என்ற இடத்தில் போய்ச் சேரும் என்பது போதும்.

வலது கொன்ட்ரோலுக்குப் பக்கத்தில் சின்னப் பட்டியல் படம் போட்ட விசை மெனு விசை. மைக்ரோசொஃப்ட் 1994இல் விட்ட நச்சுரல் கீபோட்டில் விண்டோஸ் விசையோடு சேர்ந்து வந்தது. மவுஸின் வலது பொத்தான் செய்யும் வேலையை இது செய்யும். விசை இல்லாத லப்டொப்பில் ஷிஃப்டோடு எஃப்10. 2024இலிருந்து வரும் புது லப்டொப் சிலவற்றில் அந்த இடத்தை, மைக்ரோசொஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை பிடித்துவிட்டது. எனக்கு அதில் மனமில்லை. மவுஸ் பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர்களுக்கு மெனு விசை பெரிய உதவி. அப்படியானவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

குறிகளில் \ என்பது விண்டோஸில் கோப்புறைகளைப் பிரிக்கும் கோடு. விண்டோஸுக்கு முந்திய இயங்குதளமான டொஸ், 1983இல் வந்த 2.0 பதிப்பில் கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது / குறியை ஏற்கெனவே வேறு வேலைக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டை எடுத்தார்கள். இணைய முகவரியில் எப்போதும் /, விண்டோஸ் கோப்பில் \. வாடிக்கையாளர் கைப்பட எழுதித் தரும் முகவரியில் இரண்டையும் மாற்றி எழுதியிருப்பார்கள், நீங்கள் திருத்தி அடியுங்கள். அதே விசையில் இருக்கும் நேர்கோடு | லினக்ஸில் ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு அனுப்பும். லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸில் 1973இல் வந்த வழி அது. உங்களுக்கு இப்போதைக்குத் தேவைப்படாது.

எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் விசையில் இரண்டு குறிகள். அலைபோல இருப்பது ~, சாய்ந்த சின்னக் கீறு `. இரண்டும் வட்ஸ்அப்பில் வேலைக்கு உதவும். ஒரு சொல்லின் இரு பக்கமும் ~ வைத்தால் குறுக்கே கோடு விழும், பழைய விலையை வெட்டிப் புது விலையைப் போட நல்லது. * வைத்தால் தடித்த எழுத்து, கீழ்க்கோடு வைத்தால் சாய்ந்த எழுத்து. மூன்று ` குறிகளை முன்னும் பின்னும் வைத்தால் இலக்கங்கள் எல்லாம் ஒரே அகலத்தில் வரும், விலைப்பட்டியலை நேராக நிரைப்படுத்தலாம்.

^ குறியை எக்செலில் வர்க்கத்துக்கும் கனத்துக்கும் பாவிப்பார்கள், 12^2 என்றால் 144. ஜேர்மன் அமைப்பில் இதை அமத்தினால் உடனே வராது, அடுத்த எழுத்துக்காகக் காத்துநிற்கும். ஸ்பேஸ் தட்டினால் வெளியே வரும். # குறி தொலைபேசியில் 1968இலிருந்து இருக்கிறது. தொலைந்த போனுக்குப் பொலிஸ் முறைப்பாடு அடித்துக் கொடுக்கும்போது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்ஈஐ இலக்கம் கேட்பார்கள். போன் கையில் இருக்கும்போதே *#06# அடித்து அந்த 15 இலக்கத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள். @ குறியை 1971இல் மின்னஞ்சலுக்கு எடுத்தவர் ரே ரொம்லின்சன். அதற்கு முன்னர் அது கடைக் கணக்கில் "இன்ன விலைப்படி" என்று எழுதும் குறி, இன்றும் பற்றுச்சீட்டில் அப்படியே எழுதலாம்.

காணி வேலைக்கு இன்னும் சில. வேர்டில் அல்ட்டைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க இலக்கப் பலகையில் 0189 அடித்து விட்டால் ½. 0188 என்றால் ¼, 0190 என்றால் ¾. 0178 என்றால் ², 0176 என்றால் பாகைக் குறி °. நம் லொக் இயங்கியிருக்க வேண்டும், மேல்வரிசை இலக்கங்களால் இது நடக்காது.

ரூபாய்க் குறியில் ஒரு வேண்டுகோள். போனில் தமிழ் இந்தியா என்ற கீபோட்டைப் போட்டுக்கொண்டு பலர் ₹ குறியைப் பற்றுச்சீட்டில் அடிக்கிறார்கள். அது இந்திய அரசு 2010இல் தன் ரூபாய்க்கென்று ஏற்றுக்கொண்ட குறி. 5000 என்று எழுதி அதன் முன்னால் ₹ போட்டால் வாசிப்பவருக்கு அது இந்தியக் காசு, எங்கள் காசில் அதன் பெறுமதியே வேறு. எங்கள் ரூபாய்க்கு யூனிகோடில் தனிக்குறி இல்லை. ரூ. என்று எழுதுவதே சரி. பழைய தமிழ்க் குறி ஒன்று இருக்கிறது, ௹. அது எந்த நாட்டுக்கும் சொந்தமானது அல்ல. விரும்பினால் அதைப் போடலாம்.

அந்தக் குறியோடு உங்கள் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டோம். இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். இடம்பெயர்வுகளில் உறுதிகளைத் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ. மிஞ்சிய பழைய பிரதியையோ, பேரனார் எழுதி வைத்த குறிப்பையோ கொண்டுவந்து இதை வடிவாக அடித்துத் தா என்று கேட்பார்கள். அதில் வரும் குறிகளை விளங்காமல் விட்டுவிட்டு அடித்தால் பொருளே போய்விடும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள். 1962௵ ஆவணி௴ 12௳ என்று இருந்தால் அது திகதி. ௸ என்றால் மேற்படி. "௸ காணி" என்று வந்தால் முன்பு எல்லை சொன்ன அதே காணி. இந்த ஒரு குறி விடுபட்டால் எந்தக் காணி என்றே தெரியாது. கணக்குக் கொப்பியில் ௶ என்பது பற்று, ௷ என்பது வரவு. இலக்கத்துக்கு முன்னால் ௺ வரும். ஆண்டையே தமிழ் எண்ணில் ௲௯௱௬௰௨ என்று எழுதியிருந்தால் குழம்பவேண்டாம். ௲ ஆயிரம், ௯௱ தொளாயிரம், ௬௰ அறுபது, ௨ இரண்டு. அதே 1962தான்.

இவற்றை அடிக்க வேர்டில் அல்ட்டைப் பிடித்துக்கொண்டு இலக்கப் பலகையில் இப்படி அடியுங்கள்: ௳ 3059, ௴ 3060, ௵ 3061, ௶ 3062, ௷ 3063, ௸ 3064, ௹ 3065, ௺ 3066. வரிசையாக இருப்பதால் முதல் இலக்கத்தை மனதில் வைத்தாலே போதும். பத்து, நூறு, ஆயிரம் மூன்றும் அதற்கு முன்னால் 3056, 3057, 3058. இலக்கப் பலகை இல்லாத லப்டொப் என்றால் வேர்டின் இன்சேர்ட் மெனுவில் சிம்பல் என்பதைத் திறந்து தமிழ்ப் பகுதியில் தெரிவு செய்யலாம். அடிக்கடி தேவைப்பட்டால் வேர்ட் தானாகத் திருத்தும் ஓட்டோகரெக்ட் பட்டியலில் ஒரு குறுஞ்சொல்லைக் கொடுத்து வையுங்கள், அதை அடித்து ஸ்பேஸ் தட்டியதும் குறியாக மாறும்.

௳ முதல் ௺ வரையான குறிகள் 2003இல் வந்த யூனிகோடு 4.0இல் சேர்ந்தவை. 2019இல் வந்த 12.0 பதிப்பில் இன்னும் 51 தமிழ்க் குறிகளைச் சேர்த்தார்கள். பழைய பின்னங்கள், உழக்கு, குறுணி, பதக்கு போன்ற அளவைகள், நன்செய், புன்செய், நெல்லுக்குத் தனிக்குறி, உப்பளத்துக்குத் தனிக்குறி என்று எல்லாம் இருக்கின்றன. இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளையும், பக்கத்திலேயே ஆனையிறவில் உப்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு இந்த இரண்டு குறிகளையும் பார்க்க எனக்குப் பெரிய சந்தோசம். இவற்றைத் திரையில் காட்ட நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச எழுத்துருவைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெறும் பெட்டியாகத் தெரியும்.

பாமினிக்குள் இந்தக் குறிகள் எதற்கும் இடமில்லை. குறி வரும் இடத்தில் மட்டும் நிர்மலா யூஐ எழுத்துருவைத் தெரிவு செய்து அடிக்கலாம். ஆனால் உறுதி போன்ற வேலையை முழுவதுமே யூனிகோடில் அடியுங்கள் என்றுதான் சொல்வேன். பாமினி இல்லாத கம்பியூட்டரில் பாமினிக் கோப்பு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடவும் முடியாது. விரல் பழக்கம் போய்விடும் என்று பயப்படவேண்டாம். தமிழ் ரைப் பண்ணும் மென்பொருள்களான இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டிலும் பாமினி அமைப்பு இருக்கிறது. அதே விசைகளை அடித்தால் யூனிகோடு எழுத்து வரும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்குத் தமிழ் 99 என்ற விசையமைப்பு நல்லது, விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளிலும் 11இலும் கூடவே வருகிறது. இலங்கைத் தரநிலை 1326:2008 ஏற்றிருப்பது ரெங்கநாதன் அமைப்பு. தட்டச்சு படித்த மூத்தவர்களுக்கு அதுதான் கைக்கு இதமாக இருக்கும்.

அடித்து முடித்த உறுதியை வேர்ட் கோப்பாகக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடுவதால் நொத்தாரிசின் கம்பியூட்டரிலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் போனிலும் ௸ என்பது ௸ ஆகவே தெரியும். அனுப்ப முன்னர் ஒருமுறை போனில் திறந்து, பெட்டி ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள்.